சாமியின் இடக்கைப் பக்கம்

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் கோலாலம்பூர் ரயில்வே வரைபட அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். அன்று படம் வரையும் கிராணியான வேலாயுதம் மட்டும் தங்கினார். கழித்துப் போட்ட தாளில், சொந்த நேரத்தில், கோயில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வெள்ளைக்காரத் துரை அனுமதி கொடுத்திருந்தார்.

கிள்ளானில், தண்டவாளத்துக்கு அப்பால், ரயில்வேத் தொழிலாளர்கள் தங்கள் கையாலேயே ஒரு சிவன் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருவறைக்கும் சுற்றுக்கும் படம் போட்டுக் கொடுத்தவர் வேலாயுதம்தான். கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அடித்தளம் முடிந்து, கருவறைச் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றது. வரும் வெள்ளிக்கிழமை லிங்கத்தை உள்ளே இறக்கி நிறுத்தப்போகிறார்கள். சுவர் முழுக்க எழும்பிவிட்டால் அவ்வளவு பெரிய கல்லை வாசல் வழியாகக் கொண்டுபோக முடியாது. அதனால் சாமியை முதலில் வைத்துவிட்டு, வெளியே நின்று மேற்சுவரைக் கட்டுவது என்று ஏற்பாடு.

இனி கருவறைக்கு மேலே எழும் விமானத்துக்குப் படம் வேண்டும். அதற்காக வேலாயுதம் கருவறைப் படத்தை வரைந்திருந்த பழைய டிரேசிங் துணியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். அதிலிருந்து எடுத்ததில் தம்மிடம் மீதி இருந்த நீலப் பிரதி ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

துணியில் கோமுகி மேலே இருந்தது. நீலப் பிரதியில் கீழே இருந்தது.

அபிஷேகம் செய்த நீர் கருவறையிலிருந்து வெளியே வந்து விழும் கல்வாய்க்குத்தான் கோமுகி என்று பெயர். கிழக்குப் பார்த்த சந்நிதியில் அது வடக்குச் சுவரில்தான் இருக்கவேண்டும். வேலாயுதம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுழற்றிப் பார்த்தார். எப்படிச் சுழற்றினாலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. துணியை மறுபக்கம் புரட்டிப் பிடித்தார். கோட்டின்மேல் கோடு சரியாக உட்கார்ந்தது.

அவருக்கு வேர்த்துவிட்டது. எங்கே தவறினோம் என்று உடனே தெரிந்தது.

டிரேசிங் துணிக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில் மையால் வரைவார்கள். பிறகு அதை நீலத்தாளின்மேல் விரித்து, கண்ணாடி போட்டு மூடி, வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் அலசினால், நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படம் இறங்கிவிடும். விரிக்கும்போது மை போட்ட பக்கம் மேலே இருக்கவேண்டும். புரண்டுவிட்டால் இடம் வலமாகிவிடும். அலுவலகப் படங்களில் இந்தத் தவறு நடக்கவே நடக்காது. அவற்றில் எழுத்து இருக்கும். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் யாரானாலும் கண்டுகொள்வார்கள். கோயில் படத்தில் வேலாயுதம் துணியில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் ‘சிவமயம்’ என்று தொடங்கித் தம் கையாலேயே வெள்ளை மையில் எழுதவேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்படியே எழுதினார். பக்தியோடு எழுதினார். வாசலைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் பெயர் போட்டார். ஆனால் மூன்று பிரதிகளும் புரண்ட பிரதிகள்.

ஊரிலிருந்து வந்த மூலப்படத்தோடு ஒத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. தஞ்சைச் சீமையில் திருக்கொன்றைவேலி என்ற ஊரில் ஒரு பழைய சிவன் கோயில். எத்தனை நூறு வருஷத்துக் கோயில் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சுவரில் வெட்டியிருக்கும் எழுத்தை அங்கே யாராலும் படிக்க முடிவதில்லை. தண்டவாள வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி நாகையா அந்த ஊர்க்காரர். அந்தக் கோயில்போலவே, அளவில் சின்னதாக, இங்கே ஒன்று எழவேண்டும் என்று அவர் எழுதிக் கேட்க, அங்கே ஒரு ஸ்தபதி நூல் பிடித்து அளந்து படம் போட்டு அனுப்பினார். வேலாயுதம் அதைத் துணியில் எடுத்துக்கொண்ட மறுநாளே நாகையா மூலப்படத்தை வாங்கிப்போய், மஞ்சள் தடவி, பூஜையில் வைத்துவிட்டார். அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது என்றாகிவிட்டது.

வேலாயுதம் கோலாலம்பூரில் பிறந்தவர். பழங்கோயில் எதையும் கண்ணால் கண்டதில்லை. படம் வரையத் தெரியும், கோயில் கட்டத் தெரியாது. புரண்ட படத்தைப் பார்த்து ‘இது எங்கேயோ இடிக்கிறதே’ என்று சொல்லும் பழக்கம் அவர் கண்ணுக்கு இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அவர் வந்தபோது மனைவி சீதாலெட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னாங்க? துரை ஏதாச்சும் சொன்னாரா?”

அவர் இரண்டையும் விரித்துக் காட்டினார். சொல்லி முடித்தபோது அவள் நீலத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடப்பாகம் அம்மனோட பாகம்ல? அந்தக் கையால வர்ற தண்ணிதானேங்க தீர்த்தம்?” என்றாள்.

“ஆமா.”

“அதை மாத்தி வெச்சா?”

“இப்போ என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, சீதா. சொன்னா இடிக்கணும். நாப்பது பேரோட வேலை. வெள்ளிக்கிழமை தள்ளிப்போகும். சாமிய நிறுத்த வந்திருக்கிற குருக்கள் அடுத்த வாரம் ஊருக்குக் கப்பல் ஏறிடுவாரு. சொல்லாம இருந்தா…”

அவள் அவரைத் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “அங்க போயி தீர்த்தத்துக்குக் கை நீட்டும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அப்போதுதான் கழற்றிய சட்டை.

நாகையா இரண்டு தெரு தள்ளி இருந்தார். பெரிய குரல், பெரிய மீசை, சின்ன வீடு.

“வா தம்பி! விமானம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“இல்லண்ணே. கருவறைப் படமே தப்பு.”

நாகையா சிரித்தார். “வெத்தல போடு. வெயில்ல வந்திருக்க.”

“நெசமாத்தான்ணே. துணியைப் புரட்டி வெச்சிட்டேன். இடம் வலமாயிருச்சு.”

சிரிப்பு நின்றது. “அப்போ தண்ணி?”

“தெக்கால போகும்.”

நாகையா எழுந்து உள்ளே போய், பூஜையிலிருந்த மூலப்படத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சளும் சந்தனமுமாக இருந்த தாளில், சரியாகக் கோமுகி இருக்கும் இடத்தின்மேல் ஒரு பெரிய குங்குமப் பொட்டு இருந்தது. அவர் வைத்த பொட்டுதான். அதன் ஓரத்தில் கல்வாயின் கோடு கொஞ்சம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. மேல்பக்கம். வடக்கு.

“நாப்பத்திரண்டு பேருய்யா!” என்றார் நாகையா. “ஆறு ஞாயித்துக்கிழமை! வாரமெல்லாம் லைன்ல சம்மட்டி அடிச்சிட்டு, ஒரு நாள் கெடைக்கிற லீவுல செங்கல் சொமந்தானுங்க. அவனுங்க முகத்தை நான் எப்படிய்யா பாப்பேன்? படிச்சவன்னு உன்கிட்ட கொடுத்தேன் பாரு!”

“நானே சொல்றேன்ணே. எல்லார்கிட்டயும். நீங்க கூட நின்னாப் போதும்.”

“நீ பேசாம இருந்திருந்தா எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“தீர்த்தம் தொண்டையில நிக்கும்ணே.”

நாகையா படத்தை மடித்து மறுபடி பூஜையில் வைத்துவிட்டு வந்தார். “காலையில மொத வண்டி. கடைசி நேரத்துல வராம இருந்திராத” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே போயின. பாதி வழியில் திடீரென்று நாகையா தொடையில் தட்டினார்.

“நான் போன வாரம் போனேனே! அந்தக் கோமுகிக் கல்லைப் பாத்தேனே!”

“எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“அதுல இடிச்சிக்கிட்டேன். இந்தா, இந்தக் கட்டைவெரலு. நகம் இன்னும் கறுப்பா இருக்கு பாரு.”

“அண்ணே, எந்தப் பக்கம்?”

“வலி உசிரு போச்சு. பக்கமா பாத்துக்கிட்டு இருந்தேன்?”

“தண்டவாளம் உங்களுக்கு முன்னால இருந்துச்சா, பின்னால இருந்துச்சா?”

நாகையா கண்ணை மூடி யோசித்தார். “வண்டி ஒண்ணு போச்சு. சத்தம் கேட்டுச்சு.” கண்ணைத் திறந்தார். “சத்தம் முன்னாலயும் கேக்குமே, பின்னாலயும் கேக்குமேய்யா.”

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயுதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒருமணி நேரத்தில் நாற்பத்திரண்டு பேர் முன் நின்று என்ன சொல்வது என்று மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தார். எதையும் மழுப்பாமல், யார்மேலும் போடாமல் சொல்லவேண்டும் என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டார். அதற்கு மேல் சொற்கள் வரவில்லை. ‘சிவ சிவ’ என்று சொல்லிக்கொண்டே மீதி வழியைக் கடந்தார்.

நிலையத்திலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் கோயில் மனை. ஆட்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரையின்கீழ் வைக்கோல் சுற்றிய லிங்கமும் ஆவுடையாரும் படுத்திருந்தன. இடுப்பளவுச் சுவரின்மேல் கொத்தனார் கன்னையா உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வீரம்மா கீழே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் இவர்களைப் பார்த்து எழுந்தார்கள். வேலாயுதம் வணக்கம்கூடச் சொல்லாமல் கிழக்கு வாசலிலிருந்து வலம் வரத் தொடங்கினார்.

தென்சுவரில் கல்வாய் இல்லை. அடித்தளத்தின் வரிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் ஓடின. நடுவில் தட்சிணாமூர்த்திக்கான மாடம் மட்டும் குழிவாக விட்டிருந்தது. வேலாயுதத்தின் நடை வேகமானது. மேற்குச் சுவரைக் கடந்தார். வடக்கே திரும்பினார்.

கோமுகி அங்கே இருந்தது. மணல் குவியலுக்கு மேலே, வாயைத் திறந்துகொண்டு, வடக்கே பார்த்துக்கொண்டு.

அவர் அந்த மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் நேற்று மதியத்திலிருந்து இருந்த கல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கை கூப்பியபடியே இருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

கன்னையா சுவரிலிருந்து குதித்து ஓடிவந்தார். கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைக்காமலே குனிந்து நின்றார்.

“ஐயா, மன்னிச்சிருங்க! தப்புத்தான். உங்க படத்தை மீறிட்டேன்.”

“நீங்களா?” என்றார் வேலாயுதம்.

“படத்துல தெக்கால போட்டிருந்தீங்க. நான் வடக்கால வெச்சிட்டேன். கேக்காமச் செஞ்சது தப்பு. இடிச்சி மாத்தச் சொன்னா…”

“இடிக்கவா!” என்று பின்னாலிருந்து நாகையா கத்தினார். நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். “கன்னையா, இந்தச் சுவரை எவனாச்சும் தொட்டான், அவன் கையை ஒடிப்பேன்! தப்பு இவரோடது! இவரே ஒத்துக்கிட்டாரு!”

கன்னையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் தம்மைக் கண்டிக்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தார். வேலாயுதம் எழுந்து, துணி புரண்ட கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்கக் கன்னையாவின் தோள் தளர்ந்து இறங்கியது. கடைசியில் அவரும் மணலில் உட்கார்ந்தார்.

“ஒண்ணரை மாசமா இவரு சரியாச் சாப்பிடலீங்க” என்றாள் வீரம்மா. “கிராணி ஐயா வந்து பாத்தா என்ன சொல்வாரோ, என்ன சொல்வாரோன்னு. இவரு ஒருபக்கம் பயந்துக்கிட்டு இருந்திருக்காரு, நீங்க ஒருபக்கம். சாமி நடுவுல உக்காந்து சிரிச்சிருக்கும்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க, கன்னையா?” என்று வேலாயுதம் கேட்டார்.

கன்னையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் எழுந்து, சுவரின் வாசல் இடைவெளி வழியாக உள்ளே போய், கருவறையின் நடுவில், லிங்கம் வரப்போகும் இடத்தில் நின்றார். கிழக்கே பார்த்தார்.

“முதநாளு நூல் புடிக்கும்போது இப்படித்தாங்க நிப்பேன். எந்தக் கோயில் வேலையானாலும் மொதல்ல சாமி நிக்கிற இடத்துல நின்னு பாத்துக்கணும். அப்போதான் எது எங்கேன்னு ஒடம்புக்குத் தெரியும்.” இடக்கையை நீட்டினார். “தண்ணி இந்தக் கைப் பக்கம் போகணும். படம் வலக்கைப் பக்கம்னு சொல்லிச்சு. நமக்குத்தான் வெளங்கலையோன்னு, டவுன்ல இருக்கிற கோயிலுக்கு ரெண்டு வாட்டி நடந்து போயிப் பாத்துட்டு வந்தேன். அங்கயும் இடக்கைதான்.”

“அப்புறம்?”

“படத்தைக் கையில வெச்சிக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தேன். காத்துல தாளு திரும்பிச்சு. பின்பக்கமா வெளிச்சத்துல கோடு தெரிஞ்சுது. எல்லாம் அது அது அந்தந்த இடத்துல இருந்துச்சு. அன்னையிலருந்து தாளைத் திருப்பிப் புடிச்சித்தாங்க கட்டினேன்.”

வீரம்மா கூடையின் அடியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கம் முழுவதும் கரியால் கோடு இழுத்திருந்தது. வெயிலில் தெரிந்த கோடுகளின்மேலேயே ஒவ்வொன்றாக இழுத்த கோடுகள். வேலாயுதம் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணியில் தாம் வரைந்த படம் அப்படியே அங்கே இருந்தது.

“அன்னைக்கே பிரிக்பீல்ட்ஸ் வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

கன்னையா தரையைப் பார்த்தார். வீரம்மாதான் பதில் சொன்னாள்.

“சொல்லத்தாங்க வந்தாரு. வாசல்ல கோயில் கமிட்டிக்காரங்க நாலு பேரு உங்களச் சுத்தி நின்னுக்கிட்டு, படம் அப்படி, படம் இப்படின்னு பேசிக்கிட்டு இருந்தாங்களாம். திரும்பி வந்துட்டாரு.”

“ஏன்?”

“படம் வாங்க வந்த அன்னைக்கு நீங்க என்னைய நாற்காலியில உக்காரச் சொன்னீங்கல்ல” என்றார் கன்னையா, தலையை நிமிர்த்தாமலே. “வீட்டம்மா நீங்க குடிக்கிற டம்ளர்லயே மோர் கொடுத்தாங்க. வேற எடத்துல எங்க சாதிக்குத் தேங்காச் செரட்டதான். உக்கார வெச்சிப் பேசின மனுஷரை நாலு பேரு முன்னால நிக்க வெக்கலாமா? கோயிலும் நேரா இருக்கணும், உங்க பேரும் கெடக்கூடாது. பேசாமக் கட்டிட்டாப் போச்சுன்னு இருந்துட்டேன்.”

வேலாயுதம் அந்த நாளை நினைத்துப் பார்த்தார். மோர் கொடுத்தது ஞாபகமே இல்லை. நாற்காலி ஞாபகம் இருந்தது. ஒரு கால் ஆடும் நாற்காலி. படத்தை மேசையில் விரித்துக் காட்டவேண்டியிருந்ததால் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். நாம் நினைவில்கூட வைத்துக்கொள்ளாத ஒரு சின்னச் செய்கையைக் கடவுள் பத்திரமாக எடுத்துவைத்து, நமக்கு வேண்டிய நாளில் திருப்பிக் கொடுக்கிறார். அன்று அவர் கண்டது அதைத்தான்.

“உள்ள வாங்க” என்று அவர் கன்னையாவின் கையைப் பிடித்தார், சுண்ணாம்புக் கையை. பிரதியைத் திருப்பிச் சுவரின்மேல் வைத்துப் பென்சிலை எடுத்தார். “நீங்க சாமி இடத்துல நின்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

கன்னையா நின்று சொல்ல, கரிக்கோடுகளுக்கு நடுவே வேலாயுதம் எழுதினார். மேலே ‘சிவமயம்’. வடக்கே கோமுகி, அதன் பக்கத்தில் சண்டிகேசுவரர். பின்னால் வலக்கை மூலையில் பிள்ளையார், இடக்கை மூலையில் முருகன். முன்னால் இடக்கை மூலையில், அதாவது வடகிழக்கில், கிணறு. வலக்கை மூலையில், தென்கிழக்கில், சாமிக்குச் சமைக்கும் மடப்பள்ளி.

“மடப்பள்ளியா?” என்று நாகையா குறுக்கிட்டார். “அதுக்குத்தான் போன வாரம் நம்ம ஆளுங்க கடகால் தோண்டியாச்சே!”

எல்லாரும் வடகிழக்கு மூலையைப் பார்த்தார்கள். அங்கே நாலு பக்கமும் நேராக, ஆழமாக, அழகாக, கங்காணியின் ஆட்கள் புரண்ட படத்தைப் பார்த்துத் தோண்டிய குழி இருந்தது. தண்டவாளம் போடுகிறவர்கள் தோண்டியது. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல இருந்தன.

“இதை ஏன்யா நீ சொல்லல?” என்றார் நாகையா.

கன்னையா தயங்கினார். வீரம்மா தயங்கவில்லை. “சொல்ல விட்டாத்தானே! வந்தீங்க, நின்னீங்க, ‘தோண்டு தோண்டு’ன்னு சத்தம் போட்டீங்க. அப்புறம் காலை இடிச்சிக்கிட்டு ‘ஐயோ’ன்னு உக்காந்துட்டீங்க. எங்கருந்து சொல்றது?”

நாகையா மீசையைத் தடவினார். வேலாயுதத்தின் முகம் மறுபடி வாடியது. அது நாற்பத்திரண்டு பேரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“நான் மூடிடறேன்” என்றார். “என் கையாலயே.”

“ஏன் மூடணும்?” என்றாள் வீரம்மா. “அந்த மூலையிலதானே கெணறு வரணும்னு இப்ப எழுதினீங்க? வடக்கு ஓரத்துல தோண்டின எடத்தை இன்னும் ஆழமாத் தோண்டுங்க. தண்ணி வரும். அங்கருந்து வர்ற மண்ணைப் போட்டு மத்ததை மூடிருங்க. அவங்க உழைச்சது எங்கயும் போகல.”

நாகையா அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ரயில் ஊதுவதுபோல ஒரு பெருமூச்சு விட்டார்.

ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வேலாயுதம் மனத்தில் தீர்மானித்திருந்தபடியே எல்லார் முன்னாலும் நின்று, படம் புரண்டது தம் தவறு என்றும், கோயில் நேராக நிற்பது கன்னையாவாலும் வீரம்மாவாலும் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், “அப்போ கிராணி ஐயாவுக்குத் தண்டனையா மம்பட்டியைக் கொடுங்க லா” என்று அந்த ஊர் ‘லா’வோடு கத்த, எல்லாரும் சிரித்தார்கள். வேலாயுதம் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

அவருக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியவில்லை. மண் பாதி கூடையிலும் பாதி வீரம்மாவின் காலிலும் விழுந்தது.

“பேனா புடிக்கிற மாதிரி புடிக்காதீங்கய்யா. அது எழுதாது” என்றாள் அவள்.

உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. முதுகு வலித்தது. ஆனாலும் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவர் நிறைவாக மூச்சுவிட்டது அந்தக் குழிக்குள்தான். மத்தியானம் ரயிலடிக் கடைக்காரர் பாவா ஒரு பெரிய பானை நிறையத் தேநீர் அனுப்பியிருந்தார். கன்னையாவுக்கு ஊற்றிக் கொடுத்தது வேலாயுதம். தாம் குடித்த குவளையிலேயே கொடுத்தார். இந்தத் தடவை தெரிந்தே கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த நாகையா பேசாமல் அடுத்த ஆளாகக் கையை நீட்டி அதே குவளையை வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கன்னையா கருவறைத் தரையைப் பெருக்கினார். லிங்கம் வருவதற்குமுன் தரையின் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும். வீரம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் இதுக்குள்ள கால் வெக்க முடியாது. இவரும் வெளிய நின்னுதான் சுவர் எழுப்பணும்” என்றாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை, இருந்ததைச் சொன்னாள். “நான் ஊத்தட்டுமா?”

“நீங்கதான் ஊத்தணும்” என்றார் வேலாயுதம்.

அவள் தலைமுடியை முடிந்துகொண்டு உள்ளே போனாள். நடுவில் நின்று, ஒருகணம் கண்ணை மூடினாள். பிறகு குடத்தை மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் பரவி, கொஞ்சம் தயங்கி, சாமியின் இடக்கைப் பக்கமாகத் திரும்பி ஓடியது. வெளியே வடசுவரின் அருகே எல்லாரும் காத்திருந்தார்கள். கல்வாயிலிருந்து முதலில் கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் வந்தன. பிறகு தெளிவான நீர் வந்து மணலில் விழுந்தது.

வேலாயுதம் இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். கொப்புளத்தில் பட்டு எரிந்தது.

அந்தச் சமயம் நாகையா அந்தப் பக்கம் கிணற்றுக் குழியைப் பார்க்கக் கிளம்பினார். நேர்வழி கோமுகிக்கு முன்னால்தான். ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

“என்னண்ணே?”

“தண்ணி ஓட ஆரம்பிச்சிருச்சு தம்பி. சிவன்கோயில் தீர்த்தம். இனிமே தாண்டக்கூடாது.”

“கிணறு நாலு அடிதானேண்ணே.”

“அதுக்கென்ன?” என்று சொல்லிவிட்டு, தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தார். அடிபட்ட விரலோடு, வந்த வழியே திரும்பி, மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் வாசலையும் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். நாற்பத்திரண்டு பேரும் சிரித்துக்கொண்டே, ஆளுக்கு ஆள் தலையில் நீரைத் தெளித்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக அவருக்குப் பின்னால் அதே வழியில் போனார்கள்.